ஒரு டன் சுமை, நாற்பது நடை: குளோண்டைக் தங்க வேட்டைக்குப் போனவர்கள் பட்ட பாடு

செங்குத்தான வெள்ளை மலை ஒன்று. அடிவாரத்திலிருந்து உச்சி வரை கறுப்புக் கோடு இழுத்தது போல மனிதர்கள், ஒருவர் பின்னால் ஒருவராக நெருக்கிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் மூட்டை. தங்கம் விலை ஏறி அது பேச்சாகும்போதெல்லாம் இந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் எங்காவது கண்ணில் பட்டுவிடும். அலாஸ்காவும் கனடாவும் சேரும் எல்லையில் இருக்கிற சில்கூட் கணவாயில், 1897-98 குளிர்காலத்தில், குளோண்டைக் தங்க வேட்டைக்குப் போனவர்கள் இவர்கள். படத்தைப் பார்ப்பவர்களுக்கு வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். ஏன் இவ்வளவு மூட்டை? குதிரை கிடைக்கவில்லையா? சாப்பாட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ள முடியாதா? கடைசியில் தங்கம் கிடைத்ததா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடலாம். வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் சுமார் 1 லட்சம் பேர். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000. தங்கம் கண்டவர்கள் சுமார் 4,000 பேர். அதிலும் பணக்காரர் ஆனவர்கள் சில நூறு பேர்தான்.

இதற்குக் குளிரைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். குளிர் கொடுமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் தேதிகளையும் எடைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது: அந்த ஒரு லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே அவர்களுக்கான நிலம் தீர்ந்து போயிருந்தது. அது தெரியாமல்தான் அத்தனை பேரும் அந்த மலையில் ஏறினார்கள்.

முதலில், அது எந்த மாதிரித் தங்கம்?

தங்கச் சுரங்கம் என்றால் நமக்குக் கோலார் தங்கவயல்தான் நினைவுக்கு வரும். அங்கே இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தத் தங்கம் பாறைக்குள், ஆழத்தில் இருப்பது. பாறையை உடைத்து, மேலே தூக்கி, அரைத்து, ரசாயனம் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். கம்பெனியும் முதலீடும் இல்லாமல் முடியாது.

குளோண்டைக்கில் இருந்தது வண்டல் தங்கம். பாறையிலிருந்து தங்கம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் உதிர்ந்து, ஓடைத் தண்ணீரில் அடித்து வரப்பட்டு, மணலோடும் சரளைக்கல்லோடும் கலந்து படிந்திருக்கும். தங்கம் மணலைவிடப் பல மடங்கு கனம் என்பதால் அடியிலே, கெட்டிப் பாறை மேலே போய்த் தங்கிவிடும். ஒரு மண்வெட்டி, ஒரு தட்டு, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் தனி ஆளாகவே எடுக்கலாம். கடைச் சிப்பந்தியும் பள்ளி ஆசிரியரும் டிராம் ஓட்டுநரும் கூட "நாமும் போகலாமே" என்று நினைத்ததற்குக் காரணம் இதுதான். சியாட்டில் நகர மேயரே பதவியை விட்டுவிட்டுக் கிளம்பினார். 1893-ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் வங்கிகள் மூடி வேலை போயிருந்த அமெரிக்காவில், தனி ஆள் எடுக்கக்கூடிய தங்கம் என்ற செய்திக்கு எவ்வளவு வேகம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்தி வந்த நேரம்

இந்த விஷயத்தில் தேதிகள் ரொம்ப முக்கியம். வரிசையாகப் பாருங்கள்.

1. 1896 ஆகஸ்ட் 16. கனடாவின் யூக்கான் பகுதியில், குளோண்டைக் ஆற்றில் சேரும் ஒரு சின்ன ஓடையில் தங்கம் தென்பட்டது. அங்கே இருந்தவர்கள் டாகிஷ் பழங்குடியைச் சேர்ந்த ஸ்கூக்கம் ஜிம், அவருடைய அக்கா மகன் டாசன் சார்லி, ஜிம்மின் சகோதரி கேட், கேட்டின் கணவரான அமெரிக்கர் ஜார்ஜ் கார்மாக். முதலில் கண்டது யார் என்பதில் இன்றும் தகராறு உண்டு. ஆனால் கண்டுபிடிப்புக்கான முதல் உரிமை வெள்ளைக்காரரான கார்மாக் பெயரில்தான் பதிவானது. பழங்குடி ஆளின் பெயரில் என்றால் அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம்.

2. 1896 ஆகஸ்ட் முடிவதற்குள், போனான்ஸா என்று பெயர் மாற்றம் பெற்ற அந்த ஓடை முழுவதையும் ஏற்கெனவே யூக்கானில் இருந்த பழைய ஆட்கள் வளைத்துவிட்டார்கள். அதைவிடச் செழிப்பான எல்டராடோ ஓடையும் சீக்கிரமே போய்விட்டது.

3. அப்புறம் ஆறு உறைந்தது. வெளியுலகத்துக்குச் செய்தி போக வழியில்லை.

4. 1897 ஜூலையில், தங்கத்தோடு திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் வந்தன. ஒன்று 15-ம் தேதி சான்பிரான்சிஸ்கோவுக்கு, இன்னொன்று 17-ம் தேதி சியாட்டிலுக்கு. பத்திரிகைகள் டன் கணக்கில் தங்கம் என்று எழுதின. கூட்டம் கிளம்பியது இதற்குப் பிறகுதான்.

5. கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது 1898 ஜூனில்.

முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே 22 மாதம். நல்ல ஓடைகள் கைமாறி முடிந்ததோ முதல் சில மாதங்களில். இந்த இடைவெளியை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவர்கள் டிக்கெட்டும் மண்வெட்டியும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வழிகள்

சியாட்டிலிலிருந்து அலாஸ்கா கரை வரை கப்பல், சுமார் 1,600 கிமீ. அதற்குப் பிறகுதான் பிரச்சினை. வழி ஒன்றல்ல, பல இருந்தன.

1. முழுக்கத் தண்ணீரில் போகும் வழி. கடலைச் சுற்றி யூக்கான் ஆற்று முகத்துவாரம் போய், அங்கிருந்து ஆற்றில் எதிரேறிப் போவது. காசுள்ளவர்களின் வழி. 1897-ல் சுமார் 1,800 பேர் முயன்றார்கள். அக்டோபரில் ஆறு உறைந்துவிட, அதற்குமுன் போய்ச் சேர்ந்தவர்கள் 43 பேர். வேகமாகப் போவதற்காகச் சாமான்களை வழியில் எறிந்துவிட்டதால், அந்த 43 பேரில் 35 பேர் திரும்ப வேண்டியதாயிற்று.

2. எட்மண்டனிலிருந்து தரைவழி. முழுக்கக் கனடா மண்ணில் போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். கிளம்பிய சுமார் 1,660 பேரில் 685 பேர்தான் சேர்ந்தார்கள், சிலருக்கு 18 மாதம் ஆனது.

3. ஸ்காக்வே துறையிலிருந்து வெள்ளைக் கணவாய்.

4. டையீ துறையிலிருந்து சில்கூட் கணவாய்.

பெரும்பாலான கூட்டம் போனது கடைசி இரண்டில்தான்.

ஏன் ஒரு டன்?

படத்தில் இருக்கும் மூட்டைகளுக்கு விடை இங்கே இருக்கிறது. தங்க ஓடைகளுக்குப் பக்கத்தில் முளைத்த டாசன் நகரத்தில் 1897-98 குளிர்காலத்தில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து, சாமான் கப்பல்கள் மேலே வர முடியவில்லை. கையிருப்பு இல்லாதவர்கள் ஊரை விட்டுக் கிளம்புங்கள் என்று அதிகாரிகளே அறிவித்தார்கள். கையில் தங்கம் இருந்தும் வாங்க மாவு இல்லை.

உதவி அனுப்பும் முயற்சியும் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 2 லட்சம் டாலர் ஒதுக்கி, நார்வேயிலிருந்து 539 கலைமான்களை வரவழைத்தது. அவை இறைச்சியாகவும் வண்டி இழுக்கவும் உதவும் என்று நினைத்தார்கள். மான்கள் வழியிலேயே பட்டினியில் செத்தன. 1899 ஜனவரியில் டாசன் வந்து சேர்ந்தவை 114. பஞ்சம் எப்போதோ முடிந்திருந்தது.

டாசனில் வந்த இந்தத் தட்டுப்பாட்டைப் பார்த்த பிறகு, கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீஸ் 1898 தொடக்கத்தில் கணவாய் உச்சிகளில் காவல் போட்டு, ஒரு விதியை நிறைவேற்ற ஆரம்பித்தது. ஒரு வருடத்துக்கான உணவு கையில் இல்லாதவர் எல்லையைத் தாண்டக் கூடாது. உணவு மட்டும் ஏறத்தாழ 1,150 பவுண்டு, அதாவது 520 கிலோ. கூடாரம், அடுப்பு, ரம்பம், ஆணி, கயிறு, போர்வை, தோண்டும் சாமான் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு டன்.

25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடிக்குத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அப்படி நாற்பது சிப்பம், ஒரே ஆளுக்கு.

விதி கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் 1898-99 குளிர்காலத்தில் டாசனில் ஆயிரக்கணக்கில் பட்டினிச் சாவு நடந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். உயிரைக் காப்பாற்றிய அதே விதிதான் முதுகையும் முறித்தது.

நாற்பது நடை

டையீயில் கப்பல் வந்ததும் முதல் சோதனை. அங்கே சரியான துறைமேடை கிடையாது. சாமானைச் சேற்றுத் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அலை ஏறுவதற்குள் அவரவர் மூட்டையைத் தேடி எடுத்து மேட்டுக்கு இழுக்க வேண்டும். தாமதித்தால் உப்புத் தண்ணீரில் மாவு, சர்க்கரை எல்லாம் போய்விடும்.

டையீயிலிருந்து மலையைத் தாண்டி ஏரிக்கரை வரை பாதை சுமார் 53 கிமீ. ஒரு நடைக்கு 25, 30 கிலோதான் தூக்க முடியும். அதனால் ஒரு டன்னை நகர்த்த முப்பது, நாற்பது நடை. எல்லாவற்றையும் முதுகிலேயே தூக்கினால், சுமையோடு நாற்பது தடவை போக வேண்டும், வெறுங்கையோடு முப்பத்தொன்பது தடவை திரும்ப வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 4,000 கிமீக்கு மேல். 53 கிமீ பாதைக்கு இது கணக்கு. சமதளத்தில் சறுக்குவண்டி இழுத்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், ஆனாலும் பலருக்கு இது இரண்டு, மூன்று மாத வேலை.

கடைசி ஏற்றம்தான் படத்தில் இருப்பது. அதன் அடிவாரத்துக்குத் தராசு என்றே பெயர். கூலிக்குத் தூக்குபவர்கள் அங்கே மூட்டையை மறுபடி எடை போட்டு விலையை ஏற்றுவார்கள். அதற்கு மேல் சுமார் 300 மீட்டர் செங்குத்து ஏற்றம். பனிக்கட்டியில் ஏறத்தாழ 1,500 படி வெட்டி, பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தார்கள். படி ஒரே ஆள் அகலம். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் அத்தனை பேரும் நிற்க வேண்டும். மூச்சு வாங்க வரிசையை விட்டு விலகினால், திரும்ப உள்ளே நுழைய இடம் கிடைப்பது கஷ்டம்.

நிற்பதிலும் ஆபத்து உண்டு. சுமையோடு ஏறும்போது உடம்பு வியர்த்து உள்சட்டை நனைந்துவிடும், நின்ற சில நிமிடங்களில் அந்த ஈரம் குளிரத் தொடங்கும். உச்சியில் மூட்டையை இறக்கி, பனியில் ஒரு கழியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, மலையின் பக்கத்தில் பள்ளமாக இருந்த சறுக்குத் தடத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்து, அடுத்த மூட்டையை எடுக்க வேண்டும். இரவில் பனி கொட்டினால் மேலே வைத்த மூட்டை புதைந்துவிடும். நட்ட கழியைத் தேடித் தோண்டுவார்கள்.

காசுள்ளவர்கள் டிலிங்கிட் பழங்குடிக் கூலிகளை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதையே டிலிங்கிட் மக்களின் பழைய வாணிப வழி, தலைமுறைகளாக அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆண், பெண், சிறுவர் எல்லோரும் சுமந்தார்கள். கிராக்கி ஏற ஏறக் கூலியும் ஏறியது. 1898-ல் கம்பிவழித் தூக்கிகள் வந்த பிறகு அவர்கள் பிழைப்பும் போய்விட்டது.

குதிரைகள் என்ன ஆயின?

சில்கூட்டின் கடைசி ஏற்றத்தில் குதிரை ஏறாது. அதனால் குதிரை வைத்திருந்தவர்கள் வெள்ளைக் கணவாய்க்குப் போனார்கள். உயரம் குறைவு, சரிவு கம்மி, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதை பல இடங்களில் இரண்டு அடி அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, நடுநடுவே சேறு. வந்த குதிரைகளில் பலவும் ஏற்கெனவே கிழடு, கசாப்புக்குப் போகவிருந்தவை. ஓட்டியவர்களில் பலர் வாழ்நாளில் குதிரைக்குச் சேணம் கட்டியதே இல்லை.

கால் ஒடிந்தவை விழுந்த இடத்திலேயே கிடந்தன, பின்னால் வந்தவர்கள் அவற்றின் மேலேயே நடந்தார்கள். 1897-98-ல் அந்த வழியில் செத்த குதிரைகள் சுமார் 3,000. செத்த குதிரைப் பாதை என்ற பெயரே நிலைத்துவிட்டது. இந்தப் பகுதியைப் படிப்பது எனக்கு எப்போதுமே கனமாக இருக்கும். மனிதர்கள் விரும்பிப் போனார்கள், அந்தக் குதிரைகளுக்கு அது கூட இல்லை.

ஸ்காக்வேயில் மனிதத் தொல்லையும் இருந்தது. சோப்பி ஸ்மித் என்ற ஆளின் கும்பல் வந்திறங்குபவர்களைக் குறிவைத்து ஏமாற்றியது. அவர்கள் நடத்திய தந்தி அலுவலகத்தில் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் செய்தி அனுப்பியதாகச் சொல்வார்கள், பதில் வந்ததாகவும் காட்டுவார்கள். ஊருக்குத் தந்திக் கம்பியே அப்போது வரவில்லை. 1898 ஜூலை 8 அன்று துறைமேடையில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஸ்மித் கொல்லப்பட்டார்.

1898 ஏப்ரல் 3

பல நாளாகக் கனத்த பனி பெய்து, பிறகு கொஞ்சம் வெப்பம் ஏறியது. பழைய கெட்டிப் பனியின் மேல் புதிய ஈரப்பனி உட்கார்ந்தால் பிடிப்பு இருக்காது. பனிச்சரிவு உண்டாகும் வழிகளில் இது ஒன்று. டிலிங்கிட் கூலிகளுக்கு மலையைப் பார்த்தே தெரிந்துவிட்டது, அன்றைக்கு வேலைக்கு வர மறுத்தார்கள். அவசரத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

அதிகாலையிலிருந்தே சின்னச் சின்னச் சரிவுகள். பயந்துபோன ஆட்கள் மேலே இருந்த முகாமிலிருந்து, கண் தெரியாத பனிப்புயலில், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது பெரிய சரிவு வந்து மூடியது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். குருத்தோலை ஞாயிறு அது. சில நாள் தோண்டி எடுத்தார்கள், புதைத்தார்கள், படியில் வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது.

மலை தாண்டினால் ஆறு

மலைக்கு அந்தப் பக்கம் லிண்டமன், பென்னெட் ஏரிகள். அங்கிருந்து டாசன் வரை தண்ணீர் வழி, சுமார் 800 கிமீக்கு மேல். வாடகைப் படகு கிடையாது, அவரவரே மரம் வெட்டிப் பலகை அறுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பலகை அறுப்பதை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். உயரமான மேடையில் மரத்தை ஏற்றி வைத்து, மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் ஆளுயர ரம்பம். பல் கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து ரம்பத்தைத் தூக்க வேண்டும், கீழே நிற்பவர் இழுக்க வேண்டும், இழுக்க இழுக்க மரத்தூள் அவர் கண்ணில் கொட்டும். கீழே இருப்பவன் ரம்பத்தில் தொங்குகிறான் என்று மேலே இருப்பவருக்குக் கோபம், வேண்டுமென்றே என் கண்ணில் தூள் தட்டுகிறான் என்று கீழே இருப்பவருக்குக் கோபம். மலை முழுக்கச் சேர்ந்து ஏறிய நண்பர்கள் இங்கே பிரிந்தார்கள். பிரிந்தபோது படகையும் சாமானையும் ஆளுக்குப் பாதியாக அறுத்துக்கொண்டவர்களும் உண்டு.

1898 மே 29 அன்று பனிக்கட்டி உடைந்து வழி திறந்தது. 7,000-க்கும் மேற்பட்ட படகுகள் கிளம்பின. அதைக் கட்டியவர்களில் பலர் அதற்குமுன் படகே ஏறாதவர்கள். மைல்ஸ் பள்ளத்தாக்கும் ஒயிட்ஹார்ஸ் நீர்விரைவும் முதல் சில நாட்களிலேயே சுமார் 150 படகுகளைச் சிதறடித்தன, சிலர் மூழ்கினார்கள். மலை முழுக்கத் தூக்கி வந்த ஒரு டன்னும் சில நிமிடத்தில் ஆற்றோடு போனவர்கள் கரையில் உட்கார்ந்து அழுதார்கள். குதிரைப் போலீஸின் சாம் ஸ்டீல் உடனே வந்து, பெண்களும் குழந்தைகளும் கரையோரமாக நடந்துதான் போக வேண்டும், அனுபவமுள்ள படகோட்டி இல்லாமல் எந்தப் படகும் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

வந்தாயிற்று, நிலம் எங்கே?

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். கிளெய்ம் என்பது தோண்டும் உரிமை பதிவான நிலத்துண்டு. குளோண்டைக் ஓடைகளில் ஒரு கிளெய்ம், ஓடை நெடுக 500 அடி. நான்கு மூலையில் கழி நட்டு, அலுவலகத்தில் பணம் கட்டிப் பதிய வேண்டும். எடுக்கும் தங்கத்தில் அரசுக்கு 10 சதவீதப் பங்கும் உண்டு.

500 அடிக்கு ஒருவர் என்றால் ஒரு ஓடையில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும்? ஒரு மைலுக்குப் பத்துப் பேர்தான். வந்ததோ 30,000 பேர். நல்ல ஓடைகளில் ஒரு துண்டு கூட மிச்சமில்லை என்பது டாசன் தெருவில் காலை வைத்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எத்தனையோ பேர் ஓடைப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. தெருவில் சில வாரம் இங்கும் அங்கும் நடந்துவிட்டு, கொண்டுவந்த சாமானை விற்று டிக்கெட் வாங்கித் திரும்பினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வருடம் உயிரைக் கொடுத்து நடந்த பிறகு, இனி செய்ய ஒன்றுமில்லை என்று தெரியும்போது உடம்பு தானாக நின்றுவிடுகிறது.

மற்றவர்கள் பிறருடைய கிளெய்மில் கூலிக்குத் தோண்டினார்கள். சில புதியவர்கள், விவரம் தெரியாமல், ஓடையை விட்டு மேலே மலைச்சரிவில் தோண்டினார்கள். பழையவர்கள் சிரித்தார்கள். ஆனால் அங்கேயும் தங்கம் இருந்தது, ஏனென்றால் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறு ஓடிய பழைய படுகை அந்த உயரத்தில்தான் இருந்தது.

உறைந்த மண்

நிலம் கிடைத்தவர்களுக்கும் வேலை சுலபமில்லை. அங்கே மண் வருடம் முழுக்க உறைந்தே இருக்கும். மேலே ஒன்றிரண்டு அடிதான் கோடையில் இளகும். தங்கமோ பத்து அடி முதல் முப்பது, நாற்பது அடி வரை கீழே, பாறை மேல்.

1. குளிர்காலத்தில் தரையில் விறகு அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரவு முழுக்க எரிந்தால் ஓர் அடிக்குச் சற்று அதிகமாக மண் இளகும்.

2. காலையில் சாம்பலையும் சேற்றையும் அள்ளி, கைராட்டினத்தால் வாளியில் மேலே இழுத்துக் குவிப்பார்கள். மறுபடி தீ. பாறை வரும் வரை இதேதான், பிறகு பாறையை ஒட்டிப் பக்கவாட்டில்.

3. தீ எரிந்த குழியில் புகையும் நச்சு வாயுவும் தங்கும். காற்று மாறுவதற்குள் இறங்கினால் மயக்கம். உறைந்த மண் என்பதால் சுவர் தானாக நிற்கும், ஆனால் தீயில் இளகிய இடம் தலையில் விழும்.

4. குவித்த மண் மறுபடி கல்லாக உறைந்துவிடும். அதில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று வசந்தம் வந்து, தண்ணீர் ஓடி, மரத்தொட்டிகளில் போட்டு அலசும் வரை சரியாகத் தெரியாது.

அதாவது ஆறேழு மாதம் தோண்டிய கூலி எவ்வளவு என்பதே கோடையில்தான் தெரியும். விறகு, அணை, வாய்க்கால், தொட்டி எல்லாம் சேர்த்து ஒரு கிளெய்முக்கு 4,600 டாலர் வரை செலவாகும் என்ற கணக்கு உண்டு. மண்வெட்டியும் தட்டும் போதும் என்று கிளம்பியவர்களுக்கு இது எங்கே கட்டுப்படியாகும்?

குளிர், ஸ்கர்வி, டைபாய்டு

பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரியில் உறைந்துவிடும். யூக்கான் குளிர்காலம் அதையும் தாண்டி 50 டிகிரிக்குக் கீழே போகும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் பாதரசம், மண்ணெண்ணெய் என்று புட்டிகளை வரிசையாக வெளியே வைத்து, எது உறைந்தது என்று பார்த்து வெளியே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

குளிரை விடச் சாப்பாடு அதிகம் படுத்தியது. அந்த ஒரு வருட உணவுப் பட்டியல் ஒன்றில் மாவு 400 பவுண்டு, உப்புப் பன்றி இறைச்சி 150 பவுண்டு, பீன்ஸ் 125 பவுண்டு. கெடாத உணவு, வயிறு நிறையும், ஆனால் வைட்டமின் சி அநேகமாக இல்லை. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. சில மாதங்களில் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், கால் கறுத்து வீங்கும், அழுத்தினால் குழி விழுந்து அப்படியே இருக்கும், பழைய காயம் மறுபடி திறக்கும். இதுதான் ஸ்கர்வி. ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசி இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் குணம் தெரியும், மரம் குடிசை வாசலிலேயே நின்றது. தெரிந்தவர்கள் குடித்துப் பிழைத்தார்கள். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜாக் லண்டன் 1898-ல் அங்கிருந்து திரும்பியது ஸ்கர்வியோடுதான், தங்கம் என்று சொல்லும்படி ஒன்றும் கையில் இல்லை.

கோடையில் வேறு நோய். டாசன் உறைந்த சதுப்பின் மேல் கட்டிய ஊர். கழிவு கீழே இறங்காது, தேங்கும். சாக்கடை கிடையாது. குடிக்க இரண்டு ஊற்று, போதாததற்கு அசுத்தமான ஆறு. ஈயும் கொசுவும் மொய்த்தன. 1898-ல் டைபாய்டும் வயிற்றுப்போக்கும் பரவின. அங்கே மருத்துவமனை கட்டி நடத்திய பாதிரியார் வில்லியம் ஜட்ஜ் நோயாளிகளுக்காக ஓய்வின்றி உழைத்து, 1899 ஜனவரியில் நிமோனியாவில் இறந்தார்.

ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்கள்

கஷ்டம் என்று பேசும்போது தேடி வந்தவர்களை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் அது பாதிக் கதை. குளோண்டைக் ஆறு யூக்கானில் சேரும் இடம் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் சால்மன் மீன்பிடித் தளம். கூட்டம் வந்ததும் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, சுமார் 5 கிமீ கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குப் போனார்கள். காடு விறகானது, வேட்டை விலங்குகள் குறைந்தன, புது நோய்கள் வந்தன. அவர்கள் தலைவர் ஐசக், தங்கள் பாட்டும் ஆட்டமும் இந்த நெருக்கடியில் அழிந்துவிடும் என்று கருதி, அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் பத்திரமாக வைத்திருக்கும்படி ஒப்படைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவை திரும்ப வந்தன.

அடுத்து என்ன நடந்தது

குளோண்டைக்கில் தங்கம் அதிகமாக எடுக்கப்பட்ட ஆண்டு 1900, சுமார் 2.2 கோடி டாலர் மதிப்பு. அதற்குள் கூட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. வெள்ளைக் கணவாய் வழியாக ரயில் பாதை முழுமையடைந்ததும் அதே 1900-ல்தான். நடந்தே ஏறியவர்களுக்கு அது உதவவில்லை, பின்னால் பெரிய இயந்திரங்களோடு வந்த கம்பெனிகளுக்கு உதவியது. 1899 கோடையில், அலாஸ்கா மேற்குக் கரையில் நோம் என்ற இடத்தில் கடற்கரை மணலிலேயே தங்கம் கிடக்கிறது என்ற செய்தி வந்ததும் டாசனிலிருந்து 8,000 பேர் கிளம்பினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் சியாட்டிலில் கிளம்பிய அதே ஆட்களில் பலர் அந்தக் கூட்டத்திலும் இருந்தார்கள்.

சில்கூட் பாதை இன்று இரு நாடுகளின் பாதுகாப்பில் நடைபயணப் பாதையாக இருக்கிறது. துருப்பிடித்த தகர டப்பா, செருப்பு அடிப்பாகம், மண்வெட்டித் தலை என்று அவர்கள் எறிந்தவை அப்படியே கிடக்கின்றன, எடுக்கக் கூடாது என்பது சட்டம். டையீயில் அந்த ஊரின் வீடுகள் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெவ்வேறு ஊரிலிருந்து வந்த, வெவ்வேறு பெயருள்ள மனிதர்களின் மரப்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலான பலகைகளில் இறந்த தேதி ஒன்றேதான்: 1898 ஏப்ரல் 3.